மொட்டைமாடிக் கூரை: ஷீட் வாங்கும் முன் அறிய வேண்டியவை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் பகுதி வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. அந்த மாடியில் ஒரு கூரை போட்டுவிட்டால் செடி வளர்க்கலாம், வடாம், வற்றல் காயவைக்கலாம், மாலையில் காற்றாட உட்காரலாம், பண்டிகைச் சமயத்தில் நாலு மூட்டைச் சரக்கும் ஏற்றி வைக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு.

ஆசை நியாயமானதே. ஆனால் ஷீட் கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். நம் கடைக்கு வருபவர் அரிசியை விலை மட்டும் கேட்டு வாங்கினால், "பழசா புதுசா என்று பார்த்து வாங்குங்கள்" என்று நாமே சொல்வோம். கூரை விஷயத்தில் அந்த நிதானம் நமக்கு வேண்டும். கூரையைக் காப்பது ஷீட் மட்டுமல்ல. அதைத் தாங்கும் சட்டமும், பிடித்திருக்கும் கொக்கியும்தான். அவற்றில் மிச்சம் பிடிப்பவர் புயல் நாளில் நஷ்டப்படுவார்.

1. கூரைக்குக் கீழே என்ன இருக்கப் போகிறது?

குளிர் நாடுகளில் வீட்டை ஒட்டிக் கண்ணாடிக் கூரை அறை கட்டுகிறார்கள். வெயிலை உள்ளே பிடித்து வைப்பதே அதன் நோக்கம். உதகை தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையும் அந்த வகைதான். வெளிச்சம் உள்ளே வரும். உள்ளே உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. அதை அப்படியே நம் மாடியில் செய்தால் அறை அடுப்பாகிவிடும். 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவானதை மறக்க வேண்டாம்.

எனவே நோக்கத்தை முதலில் முடிவு செய்யுங்கள். செடிக்கும் காயவைப்பதற்கும் வெளிச்சம் வேண்டும். ஒளி புகும் ஷீட் பொருந்தும். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நிழலும் காற்றும் வேண்டும். சரக்குக்கு வெளிச்சமே ஆகாது. எண்ணெய், நெய், வனஸ்பதி ஆகியவை வெளிச்சத்திலும் சூட்டிலும் சிக்கு வாடை அடிக்கும், சாக்லேட் உருகும். மூன்றும் ஒரே கூரையின் கீழ் வேண்டுமென்றால், பெரும்பகுதிக்கு ஒளி புகாத ஷீட்டும், செடி வைக்கும் ஓரத்துக்கு மட்டும் ஒளி புகும் ஷீட்டும் போடுங்கள்.

2. எந்த ஷீட்?

கீற்று: குளிர்ச்சிக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் தீபாவளி ராக்கெட் ஒன்று போதும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அங்கே தீ பரவக் காரணமாக இருந்தது கீற்றுக் கூரை. கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்தில் இது வேண்டாம்.

சீமை ஓடு: சூடு குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் பாரமும் அதிகம். 10 அடிக்கு 5 அடியாவது சாய்வு வேண்டும். கட்டடம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் மாடியில் ஏற்றக் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ்: விலை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டு செல்லும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களது அடிப்படை உரிமை என்று 1995-ல் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உணவுப் பொருள் விற்கும் நாம் புதிதாக இதைப் போட வேண்டிய அவசியமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சிமெண்ட் ஷீட்டுகள் கிடைக்கின்றன. பழைய ஷீட் மாடியில் இருந்தால் பதற்றம் வேண்டாம். உடைக்காதீர்கள், மிஷின் வைத்து அறுக்காதீர்கள். கழற்றும்போது தண்ணீர் தெளித்து முழுதாக இறக்குங்கள். அதன் மேல் நேராகக் கால் வைத்து ஏறுபவர் உள்ளே விழும் அபாயமும் உண்டு.

தகர ஷீட், கலர் ஷீட்: லேசானது, உடையாது, தீப்பற்றாது. துத்தநாகப் பூச்சின் கனம்தான் இதன் ஆயுள். தடிமனையும் பூச்சு அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். குறை இரண்டு: பகல் சூடு, விடியற்காலையில் அடிப்புறம் வேர்த்துச் சொட்டும் நீர். அந்தச் சொட்டு சர்க்கரை மூட்டையிலும் வேர்க்கடலை மூட்டையிலும் விழுந்தால் சரக்கு கெடும். கடலையில் பூஞ்சை பிடித்தால் அது விஷம். அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு கொடுத்து, தாழ்ந்த பக்கமே 9 அடிக்குக் குறையாமல் உயரம் வைத்து, உயர்ந்த பக்கம் சூடான காற்று வெளியேற வழி விட்டால் இரண்டு குறையும் வெகுவாகக் குறையும்.

பைபர் ஷீட்: விலை குறைந்த ஒளி புகும் ஷீட். வெயிலில் சில ஆண்டுகளில் மேல்பூச்சு தேய்ந்து நார் வெளியே தெரியும். தீத்தடுப்பு வகை அல்லாதது எளிதில் எரியும்.

பாலிகார்பனேட்: வெளிச்சத்துக்கு ஏற்றது, கண்ணாடிபோல் உடையாது. நம் வெயிலுக்கு முழுத் தெளிவான ஷீட்டைவிடப் பால் வெள்ளை நல்லது. வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சீக்கிரம் மஞ்சளித்து நொறுங்கும். இரண்டு, உள்ளே உள்ள குழல்கள் சாய்வின் திசையில் ஓட வேண்டும். மூன்று, குழல்களின் வாயை அதற்குரிய டேப்பால் அடைக்க வேண்டும். இல்லையேல் பாசி பிடிக்கும். நான்கு, இந்த ஷீட் சூட்டில் நீளும். 10 அடி நீள ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் நீளும். திருகாணியைவிடத் துளை பெரிதாக இல்லாவிட்டால் விரிசல் விடும்.

3. காற்றுக் கணக்கு

வணிகர்களுக்குக் கணக்குதான் மொழி. ஆகவே கணக்காகவே பார்ப்போம். கூரை 10 அடிக்கு 20 அடி, அதாவது 200 சதுர அடி என்று வையுங்கள். அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டின் மொத்த எடை 100 கிலோவுக்கும் குறைவு. 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் என்றால் சுமார் 25 கிலோதான்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. 110 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த 200 சதுர அடியைத் தூக்கும் விசை சுமார் 1 டன். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விசை சுமார் 2.8 டன். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதே இதன் காரணம்.

100 கிலோ ஷீட்டை 1 டன் விசை தூக்குகிறது என்றால், அதைக் கீழே பிடித்து வைப்பது எது? ஷீட் மேல் அடுக்கும் செங்கல்லா? செங்கல் முதலில் பறக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழும். கம்பங்களைக் கைப்பிடிச் சுவரில் செருகி நிறுத்துவதும் போதாது. சுவரே பெயர்ந்து வரும். கம்பத்தின் அடியில் தகடு வைத்து, தூண் அல்லது பீம் வரும் இடத்தில் காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மூலைகளிலும் ஓரங்களிலும் காற்று அதிகமாக இழுக்கும். அங்கே குறுக்குச் சட்டமும் திருகாணியும் நெருக்கமாக வர வேண்டும். தகர ஷீட்டின் திருகாணி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் கட்டாயம். மேலே எது போட்டாலும் இந்தச் சட்டம் ஒன்றுதான். செலவில் முதல் பங்கு அதற்கே.

4. மழைக் கணக்கு

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அன்று முடிச்சூர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த மழை நம் 200 சதுர அடிக் கூரையில் விழுந்தால் சுமார் 9,000 லிட்டர். இவ்வளவு நீரும் எங்கே போகும் என்று கூரை போடும் முன்பே தீர்மானிக்க வேண்டும். தகரத்துக்கும் பாலிகார்பனேட்டுக்கும் 10 அடிக்கு 1 அடியாவது சாய்வு கொடுங்கள். சாய்வு தெருப் பக்கமோ பக்கத்து மனைப் பக்கமோ கொட்டக் கூடாது. தகர வாய்க்கால் வைத்து, 4 அங்குலக் குழாய் வழியாக மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கு இறக்குங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் அது கட்டாயம் என்பதால் தொட்டி இருக்கவே செய்யும். தூர் வாரி வைத்தால் போதும்.

5. வேலை தொடங்கும் முன்

பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய ஊர்கள் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. மாடிக் கூரைக்கு அனுமதி தேவையா என்பதை உங்கள் மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மாடியில் சரக்கு வைப்பதாக இருந்தால் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் கூரையின் வகையை எழுத்தில் தெரிவியுங்கள். 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்துள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி தீயோடு புயல், வெள்ளத்துக்கும் பொருந்தும். ஆனால் நாம் மறைத்த விஷயம் இழப்பீடு கேட்கும் நாளில் நமக்கே எதிராக நிற்கும்.

வெல்டிங் வேலை நடக்கும்போது அட்டைப்பெட்டி, சாக்கு, எண்ணெய் டின் எதுவும் மாடியில் இருக்க வேண்டாம். மேலே மின்கம்பி போனால் மின்வாரியத்தைக் கேட்காமல் கம்பம் நிறுத்த வேண்டாம்.

ஏற்கெனவே கூரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது மாடிக்கும் ஒரு முறை ஏறுங்கள். துருப்பிடித்த திருகாணி, வெடித்த வாஷர், ஆடும் கம்பம், இலை அடைத்த வாய்க்கால் ஆகிய நான்கையும் பாருங்கள். ஆட்கூலி அரை நாள்தான் ஆகும். அடுத்த வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு நமக்கு ஆளும் கிடைக்காது, போல்ட்டும் கிடைக்காது.