சமக்குறி நகல் எடுப்பதில்லை

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் கற்பிக்கும் ஆசிரியர்கள், லிஸ்ட் பாடம் முடிந்த மறுநாள் கரும்பலகையில் இந்த மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள்.

காலாண்டு = [78, 85, 91]
அரையாண்டு = காலாண்டு
அரையாண்டு[1] = 60

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். எனவே இவ்வரிகள் கணினியிலும் அப்படியே இயங்கும். இப்போது காலாண்டு லிஸ்டில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். என் வகுப்பில் பெரும்பாலோர் 78, 85, 91 என்றே எழுதினார்கள். இயக்கிப் பார்த்தால் [78, 60, 91] வருகிறது. அரையாண்டு மதிப்பெண்ணைப் பதிந்தபோது ஒரு மாணவரின் காலாண்டு மதிப்பெண் அழிந்துவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மாணவர்கள் இப்படி நினைப்பதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு வருகிறார்கள். அங்கே மாறி என்பது நினைவகத்தில் உள்ள ஒரு பெட்டி. ஒரு கட்டுருவை இன்னொன்றுக்கு மதிப்பிருத்தினால் உறுப்புகளின் மதிப்புகள் நகலாகும். அதே சமக்குறி பைத்தானில், ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு இன்னொரு பெயர் சூட்டுகிறது. ஆகவே பெட்டி உவமையை இங்கே விட்டுவிடுவது நல்லது.

நான் சொல்லும் உவமை இது: பதிவேட்டில் கயல்விழி, வீட்டில் பாப்பா. பாப்பா முடி வெட்டிக்கொண்டால் கயல்விழியின் கூந்தலும் குறையும். ஆள் ஒருத்திதானே! இரு பெயர்களுக்கும் ஐடி() செயற்கூற்றை அழைத்து, ஒரே எண் வருவதையும் காட்டிவிடலாம்.

“எண்களுக்கு இப்படி ஆகவில்லையே சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி. அ = 10, ஆ = அ, ஆ = 20 என எழுதினால் அ மாறாமல் 10 ஆகவே இருக்கும். மூன்றாவது வரி 10 என்ற பொருளைத் திருத்தவில்லை. ஆ என்ற பெயரை 20-க்கு நகர்த்தியது. அரையாண்டு[1] = 60 என்பதோ பொருளுக்குள்ளேயே கை வைக்கிறது. பெயரை நகர்த்துவது வேறு, பொருளைத் திருத்துவது வேறு. இங்கே ஒரு பாடவேளை முழுவதும் செலவழித்தாலும் தகும்.

கருணை மதிப்பெண் போடும் நிரலில் இரண்டையும் பார்க்கலாம். எண்கள் உள்ள லிஸ்டை மடக்கில் சுற்றி ம = ம + 5 என்றால் லிஸ்ட் மாறாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு டிக்ஷனரியாக இருந்து, மாணவர்["கணிதம்"] += 5 என்றால் மூலப் பதிவிலேயே மதிப்பெண் ஏறிவிடும்.

நகல் வேண்டுமென்றால் அரையாண்டு = காலாண்டு[:] என எழுத வேண்டும். இது ஜெராக்ஸ் எடுப்பது போல. ஆனால் டிக்ஷனரிகள் நிறைந்த லிஸ்டுக்கு இது போதாது. முகவரிகள் எழுதிய தாளை ஜெராக்ஸ் எடுத்தால் தாள்தான் இரண்டாகும், வீடுகள் இரண்டாகா. ஒவ்வொரு பதிவையும் மாணவர்.copy() என்று தனியாக நகலெடுக்க வேண்டும். பதிவுக்குள் இன்னொரு லிஸ்ட் இருந்தால் டீப்காப்பி() செயற்கூறுதான் வழி.

வருகைப்பதிவை வைத்தும் ஒரு புதிர் போடலாம். மூன்று மாணவர், ஐந்து நாள்:

வருகை = [[0] * 5] * 3
வருகை[0][1] = 1

முதல் மாணவர் மட்டும் செவ்வாயன்று வந்ததாகப் பதிந்தோம். மூவருமே வந்ததாகக் காட்டும்! கரும்பலகையில் ஒரே ஒரு வரிசையை வரைந்து, அதை நோக்கி மூன்று அம்புக்குறி போட்டால் விளக்கம் தேவைப்படாது.

இதற்காக, ‘எப்போதும் நகல் எடு’ என்று சொல்லிக்கொடுப்பதும் சரியல்ல. வகுப்புப் பட்டியலும் நாட்டு நலப்பணித் திட்டப் பட்டியலும் ஒரே மாணவர் பதிவைச் சுட்டினால், கைப்பேசி எண்ணை ஓரிடத்தில் திருத்தினால் போதும். மதிப்பெண்ணோ தேர்வுக்குத் தேர்வு தனியாக நிற்க வேண்டியது. பள்ளியின் பதிவேடுகளை மாணவர்களிடமே சொல்லி, எவற்றைப் பகிரலாம், எவற்றுக்கு நகல் வேண்டும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பிறகு மாணவர் வீடு மாறினால் அதிலுள்ள முகவரியும் மாற வேண்டுமா என்று கேட்டால், வகுப்பில் நல்ல வாக்குவாதம் கிளம்பும்.