காலை ஐந்தரை மணி என்னுடையது

மூன்று வருடம் ஜிம்முக்குப் போனவன் நான். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஜிம்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் மறுபடி திறக்க ஆகஸ்ட் 10 ஆனது. அதுவரை பாளையங்கோட்டை பெருமாள்புரம் வீட்டின் மொட்டை மாடியில், எங்கள் பேச்சில் தட்டட்டியில்தான் பயிற்சி. அடுத்த வருடம் இரண்டாம் அலையில் திரும்பவும் மூடியபோது சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இன்றுவரை அதே தட்டட்டிதான். இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் நேரம்

ஆரம்பத்தில் ஒரு வாரம்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. எடை இல்லாதது காரணமல்ல. தண்டால் எடுக்கக் குனிந்தால் கீழிருந்து அம்மா குரல் வரும்: "ஏல, மேலதான நிக்க, தொட்டி நிறைஞ்சிட்டான்னு பாரு." அடுத்து பால் பாக்கெட், அடுத்து போன். ஜிம்மில் யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. கட்டணம் கட்டி நான் வாங்கியது அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்பது வீட்டில்தான் புரிந்தது.

அதனால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை நான் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் கீழேயே இருக்கும். மோட்டார், பால் எல்லாம் அதற்கு முன்போ பின்போ. நம்மூர் வெயிலுக்கும் இதுதான் சரியான நேரம். சித்திரையில் ஏழு மணிக்கே தட்டட்டித் தரை சுட ஆரம்பித்துவிடும்.

எடைக்கு பெயின்ட் வாளி

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் வாளிகள் இரண்டு இருந்தன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. லிட்டர் லிட்டராக ஊற்றி, வாளியின் உள்ளே மார்க்கரால் கோடு போட்டேன். எட்டாவது கோட்டில் தொடங்கி, பதினைந்து பஸ்கி மூச்சு வாங்காமல் போட வந்ததும் ஒரு கோடு கூட்டினேன். கம்பிக் கைப்பிடி உள்ளங்கையை அறுக்கும். பழைய துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். அரை வாளித் தண்ணீர் அலம்பி ஆளையே ஒரு பக்கம் இழுக்கும். அது பிடிக்காதவர்கள் எம்-சாண்ட் நிரப்பலாம். அதே அளவுக்குத் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு எடை வரும்.

முதுகை மறக்காதீர்கள்

தண்டாலும் பஸ்கியும் மார்பையும் தொடையையும் பார்த்துக்கொள்ளும். இழுக்கிற வேலை இல்லாவிட்டால் முதுகு பின்தங்கி, தோள் முன்னால் கூனும். எனக்கு ஆறே மாதத்தில் சட்டையில் தெரிந்தது. ஒரு கையைத் திண்டில் ஊன்றி, முதுகு நேராக இருக்கும்படி குனிந்து, மறு கையால் வாளியை இடுப்புவரை இழுங்கள். பக்கத்துக்குப் பத்து, மூன்று சுற்று.

தரையைப் பாருங்கள்

மழைக்காலத்தில் ஹாலில் பத்தமடைப் பாயை விரித்துத் தண்டால் எடுத்தேன். டைல்ஸில் பாய் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கியது. மூன்று வாரம் கை வேலை செய்யவில்லை. இப்போது அடியில் ரப்பர் விரிப்பு இல்லாமல் கையை ஊன்றுவதில்லை.

கற்றுக்கொண்டு வெளியே வாருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆறு மாதமாவது ஜிம்முக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். முட்டி உள்ளே மடங்குவதை, மூச்சை அடக்குவதை மாஸ்டர் உடனே பிடித்துவிடுவார். வீட்டில் அந்தக் கண் கிடையாது. வாரம் ஒருநாள் மட்டும் போனை மேலே கொண்டுபோய், திண்டில் சாய்த்து வீடியோ எடுத்துப் பார்க்கிறேன். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

துணை வேண்டும்

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. எனக்குத் தட்டட்டியில் நான்கு நாள். மீதி நாளில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு வ.உ.சி. மைதானத்தில் வேக நடை. எனக்குச் சோம்பலாக இருக்கும் நாளிலும் அவர் வாசலில் வந்து நிற்பார்; செருப்பை மாட்டாமல் இருக்க முடியாது.

இப்போதெல்லாம் நான் மாடி ஏறும்போதே மோட்டார் ஓடி முடிந்து தொட்டி நிறைந்திருக்கிறது. ஐந்து மணிக்கே எழுந்து அம்மா போட்டுவிடுகிறாள்.