மறைவழிச் சுரங்கமும் மட்டைப்பந்தாட்டமும்

சிங்கப்பூரில் பணிபுரியும் என் தமையனார் சென்ற கோடையில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். ஊரில் இருந்தபோது பணம் கட்டிப் பார்த்துவந்த அதே செயலி, அதே கணக்கு. ஆயினும் ஆட்டத்தைத் தொட்டால், அது அந்நாட்டில் கிடைக்காது என்ற வரியே திரையில் வந்து நிற்கிறதாம். “தம்பி, நீ கணினி படிக்கிறாயே, இலவசமாக வி.பி.என். என்று ஏதோ இருக்கிறதாமே, எதைப் போடட்டும்?” என்று கேட்டார். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர்ப் படித்தும் பேராசிரியர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்குத் தருகிறேன்.

ஆட்டம் ஒன்றுதான், அதைக் காட்டும் உரிமை நாடுதோறும் தனித்தனியே விற்கப்படுகிறது. 2022 ஜூன் மாத ஏலத்தில், 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின. இந்தியத் துணைக்கண்டத்தின் தொலைக்காட்சி உரிமையை ஸ்டார் நிறுவனமும், இணைய உரிமையை வயாகாம்18 நிறுவனமும் பெற்றன. அமெரிக்காவுக்கு உரிமை பெற்றது டைம்ஸ் இன்டர்நெட். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் காட்டலாகாது. நாம் எந்நாட்டில் இருக்கிறோம் என்பதை நம் கருவியின் இணைய முகவரி எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அம்முகவரியை மாற்றிக்காட்டுவதுதான் வி.பி.என்., அதாவது மெய்நிகர் தனியார் பிணையம். வெளியூரிலுள்ள ஊழியர் தம் அலுவலகக் கணினிகளைப் பாதுகாப்பாக அணுகுவதற்கென்றே இது வளர்ந்தது. ஆட்டம் பார்ப்பது பின்னர் வந்த பயன். நம் கைபேசியும் வி.பி.என். நிறுவனத்தின் கணினியும் முதலில் தமக்குள் ஒரு சாவியை உடன்பட்டுக்கொள்கின்றன. பிறகு நாம் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலமும் பூட்டப்பட்டு, வேறோர் உறைக்குள் இடப்பட்டு, அந்நிறுவனத்தின் முகவரிக்கே செல்கிறது. அங்கு மேலுறை பிரிக்கப்பட்டு, அந்நிறுவனத்தின் முகவரியோடு உரிய இடத்துக்குப் போகிறது. விடுதியின் வைஃபைக்காரர் காண்பது சுரங்கத்தின் வாயிலை மட்டுமே.

இது பாதுகாப்புத்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். ஒருவகையில் ஆம். ஆனால் வங்கி போன்ற தளங்களின் செய்திகள் ஏற்கெனவே பூட்டப்பட்டே செல்கின்றன. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதையே வைஃபைக்காரர் அறிய முடிந்தது; இப்போது அதை வி.பி.என். நிறுவனம் அறிகிறது. இரயில் நிலையத்தில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்திலிருப்பவரிடம் சொல்வோமே, ஏறக்குறைய அதுபோன்றது இது. அவர் யார் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தவர்கள் கண்டது கவலைக்குரியது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்ட்ராய்டு கைபேசிக்கான 283 வி.பி.என். செயலிகளைச் சோதித்தது. அவற்றுள் 18 விழுக்காடு எதையும் பூட்டவே இல்லை; 38 விழுக்காட்டில் தீங்கு நிரலின் அடையாளம் இருந்தது. ஹோலா என்ற இலவசச் சேவை, தன்னைப் பயன்படுத்துவோரின் இணைப்பையே வேறு வாடிக்கையாளருக்கு விற்றுவந்தது 2015-இல் வெளிப்பட்டது. பேஸ்புக் நிறுவனம் 2013-இல் வாங்கிய ஒனாவோ, பயனர் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்ற விவரத்தை உரிமையாளருக்கே திரட்டிக் கொடுத்தது. இதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. கணினிகளை இயக்கப் பணம் வேண்டும். பார்ப்பவர் கொடாவிடில் வேறெவரோ கொடுக்கிறார் என்பதே இதன் கணக்கு.

வேடிக்கையான செய்தி ஒன்றும் உண்டு. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஆணையிட்டது. உடன்படாத சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றின. அவற்றுள் ஒன்றான எக்ஸ்பிரஸ்வி.பி.என்., இந்திய முகவரி கேட்போருக்குச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உள்ள கணினிகள் வாயிலாகவே அதனை வழங்கலாயிற்று. என் அண்ணன் அதைப் பயன்படுத்தினால், சிங்கப்பூரிலிருந்து சிங்கப்பூருக்கே சுரங்கம் வெட்டி, இந்தியாவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்!

ஒளிபரப்புச் செயலிகள் பல, இருப்பிடத்தை மறைப்பதைத் தம் ஒப்பந்த விதிகளிலேயே தடுத்துள்ளன, அறிந்த வி.பி.என். முகவரிகளை மறிக்கவும் செய்கின்றன. பணம் கட்டிய சுரங்கமும் பாதி ஆட்டத்தில் அடைபடலாம்.

நான் அண்ணனிடம் சொன்னவை இரண்டே. ஆட்டம் காட்டுவதாகச் சொல்லும் ஒரு செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால் கொடுக்கக்கூடாது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருவது அங்கேதான். பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை நிறுவச் சொன்னாலோ, அந்நொடியே நீக்கிவிட வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட கைபேசி போலிப் பூட்டையும் உண்மைப் பூட்டென்று நம்பத் தொடங்கிவிடும்.

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. தாம் முதல் நாளே ஒன்றைப் போட்டுவிட்டதாகவும், அது குறுஞ்செய்திக்கு அனுமதி கேட்டதாகவும், கொடுத்துவிட்டதாகவும் பிறகு சொன்னார். அன்றிரவு நாங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அதை நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபோது அங்கே மணி இரண்டு.