மலிவு ரேமும் வேக ரேமும்: லோயாட்டுக்குப் போகும் முன்

பிரிக்பீல்ட்ஸில் இருந்தாலும் கிள்ளானில் இருந்தாலும், கணினிச் சாமான் என்றால் நம் பிள்ளைகள் கிளம்புவது புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்குத்தான். பகுதி நேர வேலையில் சேர்த்த வெள்ளி தேவையில்லாத ரேமுக்குப் போய்விடக் கூடாது. இருக்கும் ரேமை ஓவர்கிளாக் செய்வதா (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதா), வேகமான ரேமை வாங்குவதா என்று முடிவெடுக்கும் முன், பரவலாக நிலவும் ஐந்து நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: பெட்டியில் 3200 என்று போட்டிருந்தால், மாட்டியதும் 3200இல் ஓடும்.

உண்மை: எல்லா ரேமும் அப்படி ஓடாது. எக்ஸ்எம்பி வகை டிடிஆர்4 ரேம் பலவும் முதலில் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகத்தில்தான் எழும். பெட்டியில் போட்ட வேகம் கிடைக்க, இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் நாமே இயக்க வேண்டும். டிடிஆர்5க்கு ஏஎம்டி 2022இல் தந்த எக்ஸ்போவும் இப்படித்தான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தட்டுங்கள். வேகம் அங்கே தெரியும். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் அதுதான் 3200.

நம்பிக்கை 2: எண் பெரிதாக இருந்தால் ரேமும் வேகம்.

உண்மை: லேபிளில் சிஎல் என்ற எண்ணையும் பாருங்கள். கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை துடிப்பு ஆகும் என்பதை அது சொல்கிறது. 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் அந்தக் காத்திருப்பு 10 நானோ விநாடிதான். 3200 சிஎல்22 என்றால் 13.75. ஒரே 3200தான், ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

நம்பிக்கை 3: மலிவு ரேமை ஓவர்கிளாக் செய்தால் விலையுயர்ந்த ரேம் கிடைத்துவிடும்.

உண்மை: பாதி சரி. 1.2 வோல்ட்டில் ஓடும் 2666 ரேம், 1.35 வோல்ட் கொடுத்தால் 3000க்கோ 3200க்கோ ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஒரே பெயரில் விற்கும் ரேமில்கூட ஒரு முறை சாம்சங் சில்லு இருக்கும், இன்னொரு முறை மைக்ரானோ எஸ்கே ஹைனிக்ஸோ இருக்கும். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் ரேம் அந்த வேகத்துக்கென்றே சோதிக்கப்பட்டது, வித்தியாசம் அதுதான்.

ஓவர்கிளாக் செய்தால் மெம்டெஸ்ட்86 கொண்டு சோதிப்பது கட்டாயம். அதையும் ஏர்கோன் போட்ட இரவில் செய்து திருப்தி அடையாதீர்கள். நம் ஊர் மதிய வெக்கையில் ஓடவிடுங்கள். சூடு ஏற ஏற ரேம் செல்களில் உள்ள மின்னூட்டம் விரைவாகக் கசியும். 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், 64 மில்லி விநாடிக்குள் புதுப்பித்த செல்களை 32க்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது டிடிஆர்4 விதி. ரேம் தவறினால் எப்போதும் நீலத்திரை வந்து எச்சரிக்காது. பிழையான தரவு சத்தமில்லாமல் உங்கள் ஆய்வேட்டுக் கோப்பிலேயே பதிவாகிவிடும்.

நம்பிக்கை 4: வேக ரேம் எந்த மதர்போர்டிலும் வேகமாக ஓடும்.

உண்மை: இன்டெல் பி460 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 இருந்தால் 2666தான் எல்லை; 3600 ரேம் போட்டாலும் அதற்கு மேல் போகாது. 2021இல் வந்த பி560 அந்தத் தடையை நீக்கியது. எச்610இல் ரேமை ஓவர்கிளாக் செய்யத் தடை இன்னும் உண்டு. ஏஎம்டியின் பி450, பி550 போர்டுகளில் ரேமை ஏற்றலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அதற்கான அமைப்பே இருக்காது.

நம்பிக்கை 5: ரேம் வேகம் கூடினால் எல்லாமே வேகமாகும்.

உண்மை: 8 ஜிபி நிரம்பித் திணறும் கணினிக்கு வேண்டியது இடம். ஒரே ஸ்டிக்கில் ஓடும் கணினிக்கு வேண்டியது இரண்டாவது ஸ்டிக். 3200 ரேம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரும். சரியான ஸ்லாட்டுகளில் இரண்டு இருந்தால் 51.2. ஆனால் 2666ஐ 3200க்கு ஏற்றினால் கூடுவது 20 விழுக்காடுதான். ரைசன் 5 5600ஜி போல, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமையே நம்பி விளையாட்டு ஓட்டும் கணினியில் அந்த 20 விழுக்காடும் நன்றாகத் தெரியும். தனி கார்டு இருந்தால், பல விளையாட்டுகளில் அந்த கார்டின் திறன்தான் எல்லையாக நிற்கும்.

ஏஐ தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. பினாங்கிலும் மூவாரிலும் ஆலைகள் வைத்திருக்கும் மைக்ரானே, க்ரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு ரேம் விற்பதிலிருந்து விலகுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. கையில் இருப்பதை முழுதாகப் பயன்படுத்துவது இப்போது இன்னும் முக்கியம்.

ஆகவே முதலில் எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்று பாருங்கள்; அதற்குச் செலவே இல்லை. அடுத்து இரண்டாவது ஸ்டிக்கும் போதிய ஜிபியும் இருக்கட்டும். பொறுமையும் சோதிக்க நேரமும் இருந்தால் ஓவர்கிளாக் செய்யுங்கள். புது ரேம் எப்படியும் வாங்கத்தான் வேண்டும், போர்டும் அந்த வேகத்தை ஏற்கும், விலை வித்தியாசமும் சில வெள்ளிதான் என்றால் மட்டும் வேக ரேமை எடுங்கள்.