நன்றிப் பரிசு: ஏழாம் வகுப்பு கற்றதும் நான் கற்றதும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பவர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. எங்கள் பள்ளியின் மாடி வகுப்பறைகளில் சுற்றுத் தெருக்களைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. மின்சாரம் இல்லை, கடைகள் திறக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் முழங்கால் அளவுத் தண்ணீரில், தோளில் பெரிய பாத்திரத்தைச் சுமந்தபடி தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தார். பின்னால் அவர் மனைவியும் கடைப் பையன்கள் இருவரும் வந்தார்கள். பாத்திரத்தில் பருப்பு, துணி மூட்டையில் சப்பாத்தி. மூன்று நாள்கள் இப்படியே வந்தார்கள். யார், என்ன என்று எவரையும் கேட்கவில்லை.

அவர் துறைமுகம் செல்லும் சாலையில் லாரி ஓட்டுநர்களுக்காகச் சிறிய தாபா நடத்துபவர். ஓட்டுநர்கள் அவரை ‘சிங் அண்ணாச்சி’ என்பார்கள். அவருடைய மகன் என் ஏழாம் வகுப்பு மாணவன்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அவங்க நமக்குச் சோறு போட்டாங்க. நாம ஒண்ணும் குடுக்கலையே?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பாடம்.

எனக்கிருந்த இன்னொரு கடன்

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாணவன் ஜூன் மாதம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், தலையில் கறுப்புத் துணியை இறுகக் கட்டி, உச்சியில் சிறிய முடிச்சுடன் அமர்ந்திருந்தான். நான் யோசிக்காமல், “வகுப்புக்குள்ளே என்னப்பா தொப்பி? கழற்று” என்றேன். அவன் கழற்றவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து சிலர் அவனைக் ‘கொண்டை’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அது தொப்பி அல்ல, சீக்கியச் சிறுவர்கள் அணியும் ‘பட்கா’ என்று மதிய இடைவேளையில் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். முடியை வெட்டாமல் வளர்ப்பது அவர்களின் சமய நெறி. அந்த முடியை மூடிக் காப்பதே அந்தத் துணி. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறு மாதங்கள் கடந்துவிட்டன.

முதல் பட்டியல்

“என்ன கொடுக்கலாம்?” என்று கேட்டதும் கரும்பலகை நிறைந்தது: மக்ரூன் டப்பா, சங்கு, முத்துமாலை, குருநானக் சிலை, படகுப் படம் போட்ட தொப்பி, பொன்னாடை. பிள்ளைகள் அன்போடு சொன்னவைதான் எல்லாம். ஆனால், அவை நமக்குப் பிடித்தவை. அவர்களுக்குப் பொருந்துமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

அதனால் இரண்டு விதிகள் வைத்தேன். மாணவர்களிடம் பணம் வசூலிக்கக் கூடாது. தேவைப்படும் சிறு தொகையை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்வோம். அடுத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. இதை அவர்கள் உண்பார்களா, பயன்படுத்துவார்களா?
2. அவர்களின் நம்பிக்கைக்கு இது இடையூறாகுமா?
3. நாம் ஏன் நன்றி சொல்கிறோம் என்பதை இது சொல்கிறதா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல, அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு வாரம் தேடினோம்.

தேடித் தெரிந்துகொண்டவை

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் குருநானக் வருகிறார். 1469 முதல் 1539 வரை வாழ்ந்தவர். உழைத்து உண்பது, இறைவனை நினைப்பது, இருப்பதைப் பகிர்ந்துகொள்வது ஆகிய மூன்றும் அவர் வழியின் அடிப்படைகள். யார் வந்தாலும் ஒரே வரிசையில் தரையில் அமரவைத்து உணவிடும் ‘லங்கர்’ இந்த மூன்றாவது அடிப்படையிலிருந்து வளர்ந்தது. எல்லா மதத்தினரும் தயங்காமல் உண்ண வேண்டும் என்பதால் அங்கே சைவ உணவே பரிமாறப்படுகிறது. வெள்ளத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த பருப்பும் சப்பாத்தியும் அந்த மரபின் தொடர்ச்சிதான் என்று பிள்ளைகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில் பத்தாவது குரு கோபிந்த் சிங் ‘கால்சா’ அமைப்பைத் தொடங்கினார். வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, தனி வகை உள்ளாடை, சிறு வாள் என்னும் ஐந்து அடையாளங்கள் அதில் சேர்ந்தவர்களுக்கு உரியவை. ஆண்கள் ‘சிங்’ என்றும் பெண்கள் ‘கௌர்’ என்றும் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குர்பிரீத், ஹர்பிரீத், மன்பிரீத் போன்ற பெயர்கள் இருபாலருக்கும் பொது. பின்னால் வரும் சிங், கௌர் என்பதைக் கொண்டே ஆணா பெண்ணா என்று அறியலாம். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதும் நமக்கு இது பயன்படும்.

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் அவர்களின் குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், ஷேக் பரீத் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன. கோபிந்த் சிங்குக்குப் பிறகு அந்த நூலையே நிலையான குருவாக ஏற்றுக்கொண்டார்கள்.

நமக்கு அருகிலும் ஒரு தடம் இருக்கிறது. குருநானக் தம் தென்னகப் பயணத்தில் ராமேஸ்வரத்துக்கு வந்தார் என்பது சீக்கியர் மரபு. அங்கே அவர் பெயரில் ஒரு குருத்துவாரா உள்ளது. “ராமேஸ்வரத்துக்கு நாங்களும் போயிருக்கோமே!” என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள்.

வீட்டாரிடம் கேட்டேன்

புத்தகம் பொதுவானதைச் சொல்லும். ஒரு குடும்பத்தின் பழக்கத்தை அந்தக் குடும்பம்தான் சொல்ல முடியும். ஆனால் மாணவனை எழுப்பி, “உங்க மதத்துல என்ன சாப்பிடுவீங்க?” என்று வகுப்பின் நடுவே கேட்பது சரியல்ல. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரு சமயத்தின் பிரதிநிதியாக நிறுத்தக் கூடாது. ஒரு மாலை நானே தாபாவுக்குச் சென்று அவன் அம்மாவிடம் பேசினேன். பரிசைப் பற்றிச் சொல்லாமல் உணவுப் பழக்கத்தை மட்டும் விசாரித்தேன்.

“நாங்க முட்டைகூடச் சாப்பிட மாட்டோம் டீச்சர். எங்க அண்ணன் வீட்டுல கறி, மீன் எல்லாம் உண்டு. வீட்டுக்கு வீடு மாறும்” என்றார். நம் வீடுகளும் அப்படித்தானே? சீக்கியர் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதும் அன்று கிடைத்த பாடம்.

பட்டியலைத் திருத்தினோம்

*மக்ரூன்:* எங்கள் ஊரின் பெருமை. முந்திரியும் சர்க்கரையும் மட்டுமே என்று பல பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அடித்து நுரைக்கவைத்த முட்டையின் வெள்ளைக்கரு இல்லாமல் மக்ரூன் இல்லை. முதலில் அடித்தது அதைத்தான். ஊரே கொண்டாடும் பண்டத்தைக் கொடுத்து, அவர்கள் அதை உண்ண முடியாமல் சிரித்துச் சமாளிக்கும் நிலையை உண்டாக்கியிருப்போம்.

*தொப்பி:* தலைப்பாகை கட்டுபவருக்குப் பயன்படாது. இந்த வரியை அடித்தபோது நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

*குருநானக் சிலை:* சீக்கியம் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை. வீட்டில் குருவின் படம் மாட்டுபவர்கள் பலர் உண்டு. அதற்காகச் சிலை பொருந்தாது. புனித வரிகள் அச்சிட்ட சாவிக்கொத்து, பனியன் போன்றவையும் வேண்டாம். அவை கீழே விழும், கிழியும், குப்பைக்குப் போகும்.

*சங்கு:* நமக்கு மங்கலப் பொருள். அவர்களுக்கு அது வெறும் அலங்காரப் பொருளாகத்தான் இருக்கும். மேலும், கடற்கரைக் கடைகளில் விற்கும் சங்கு, சிப்பி வகைகளில் சில 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. தெரியாமல் வாங்குவது தவறாகிவிடும்.

*முத்து:* முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. விலையும் அதிகம். மூன்று நாள் உணவுக்கு விலை மதிப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு மாணவன் சொன்னான். நல்ல சொல்.

*பொன்னாடை:* இது மட்டும் நிலைத்தது. குருத்துவாராவில் ஒருவரைச் சிறப்பிக்க ‘சிரோபா’ என்னும் துணியை அணிவிக்கும் வழக்கம் உண்டு. துணி போர்த்தி மதிப்பது இரு மரபுக்கும் பொது.

புதிதாகச் சேர்ந்தவை: புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், உடன்குடிக் கருப்பட்டி. இரண்டும் நம் மாவட்டத்தவை, முட்டை கலவாதவை. அவற்றை வைக்க ஒரு பனை ஓலைப் பெட்டி. கூடவே பத்துக் கிலோ கோதுமை மாவு. லங்கருக்கு மாவும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது சீக்கியர் வழக்கம் என்று படித்திருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாணவரும் எழுதிய கடிதம். “மாடியில் என் பாட்டி பசியோடு இருந்தாள். நீங்கள் கொடுத்த சப்பாத்தியைப் பாதியாகப் பிய்த்து எனக்கும் தந்தாள்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மூன்றாவது கேள்விக்கு அந்தக் கடிதமே விடை.

கொடுத்த நாள்

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் பெற்றோரை அழைத்திருந்தோம். அவர்கள் வருவதற்கு முன் வகுப்பில் ஒன்று செய்தேன். “ஜூன் மாதம் உன் பட்காவைத் தொப்பி என்று சொல்லிக் கழற்றச் சொன்னேன். தெரியாமல் சொன்னேன், ஆனாலும் தவறு. மன்னித்துக்கொள்” என்றேன். எல்லார் முன்னும் செய்த தவறை எல்லார் முன்னும்தான் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. அவன், “பரவாயில்ல டீச்சர்” என்றான். சற்று நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. அதன் பிறகு ‘கொண்டை’ என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

தந்தை முதலில் தயங்கினார். “சேவைக்குப் பதில் வாங்கக் கூடாது டீச்சர்” என்றார். “இது பதில் இல்லைங்க. பிள்ளைகள் எழுதின கடிதம்” என்றேன். கடிதங்களை வாங்கிக்கொண்டார். மாவை ராமேஸ்வரம் குருத்துவாராவுக்குக் கொண்டுசெல்வதாகச் சொன்னார். ஓலைப் பெட்டியைத் திறந்து, கடலைமிட்டாயை அங்கேயே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்தார். பகிர்ந்து உண்பதைப் பற்றி நான் நடத்திய பாடத்தைவிட அந்த ஐந்து நிமிடம் தெளிவாக இருந்தது.

உங்கள் வகுப்பறைக்கு

நம் பள்ளிகளில் இன்று வட மாநிலப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். சீக்கியக் குடும்பம்தான் என்றில்லை. யாருக்கு நன்றி சொல்வதானாலும் இந்தச் செயல்பாட்டை நான்கு பாடவேளைகளில் செய்யலாம்.

முதல் வேளை: யாருக்கு, எதற்காக நன்றி என்று பேசி, முதல் பட்டியலை அப்படியே எழுதுங்கள். தவறான யோசனைகளையும் அழிக்க வேண்டாம்.

இரண்டாம் வேளை: குழுவாகப் பிரிந்து அந்தச் சமூகத்தின் வரலாறு, உணவு, வழக்கங்களைத் தேடட்டும். குடும்பத்தின் தனிப் பழக்கத்தை ஆசிரியர் நேரில், தனியாகக் கேட்டு வாருங்கள்.

மூன்றாம் வேளை: மூன்று கேள்விகளைக் கொண்டு பட்டியலைத் திருத்துங்கள். ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணத்தை மாணவரே சொல்ல வேண்டும்.

நான்காம் வேளை: கடிதம். ‘நன்றி’ என்று மட்டும் எழுதாமல், நடந்த ஒன்றைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சியாகவும் இதைக் கொள்ளலாம்.

சீக்கியக் குடும்பத்துக்குப் பரிசு தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் சிலவற்றை நினைவில் கொள்ளலாம். புகையிலை எந்த வடிவிலும் கூடாது. அது அவர்களின் நெறியில் தெளிவாக விலக்கப்பட்டது. மதுவும் முகச்சவரப் பொருள்களும் வேண்டாம். இரும்புக் காப்பு அவர்களின் சமய அடையாளம். அதை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தர வேண்டாம். பழங்கள், உலர்பழங்கள், முட்டை சேராத இனிப்பு, செடி, புத்தகம் ஆகியவை எப்போதும் பொருந்தும். வாழ்த்துச் சொல்ல நல்ல நாள் வேண்டுமென்றால் வைசாகி இருக்கிறது. ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும்.

ஜூன் மாதம் அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: “இதன் பெயர் என்னப்பா?” அதைக் கேட்க எனக்கு ஆறு மாதமும் ஒரு வெள்ளமும் தேவைப்பட்டன. உங்கள் வகுப்பில் புதிதாக வந்து அமரும் பிள்ளையிடம் முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.