தேரி மணலின் சாம்பல்: நிலக்காட்சி எடுக்கும் இளம் கலைஞருக்குக் கடிதம்



நிலக்காட்சியை வண்ணத்தில் எடுப்பதா, கருப்பு-வெள்ளையில் எடுப்பதா என்ற கேள்வி, கேமராவைக் கையில் எடுத்த சில மாதங்களிலேயே ஒவ்வொருவரையும் வந்தடைகிறது. ஆனால் பெரும்பாலும் அது படம் எடுத்து முடித்துக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் தவறான நேரத்தில், இரண்டில் எது கலைத்தன்மை மிக்கது என்ற தவறான வடிவத்தில் எழுகிறது. வண்ணத்தில் சோபிக்காத படத்தைச் சாம்பலாக்கிப் பார்த்து, ஏதோ ஒரு கனம் கூடியதுபோல் தோன்றியதும் அதையே தன் பாணி என்று கொண்டுவிடும் பழக்கம் இன்று மிகவும் பரவியிருக்கிறது; பாழடைந்த சுவர், ஒற்றை மரம், மூட்டம் ஆகியவை இவ்வாறு சாம்பலாக்கப்படுவதற்கென்றே படைக்கப்பட்டவை போல ஆகிவிட்டன. இக்கடிதம் வலியுறுத்துவது வேறொன்றை: காட்சியிலுள்ள பொருள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது நிற வேறுபாடா, ஒளி வேறுபாடா என்பதை நிலத்தின் முன் நிற்கும்போதே இனங்காண வேண்டும், எங்கே நிற்பது, எந்த நேரத்தில் வருவது, எவ்வளவு ஒளியைக் கேமராவுக்குள் விடுவது என்பன யாவும் அதன் பிறகே முடிவாக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் தேரிக்காடு இதைப் பயில்வதற்கு மிகவும் ஏற்ற நிலம். தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு; மணற்பரல்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே அதற்கு அந்தச் சிவப்பைத் தருகிறது. ஆங்காங்கே பனையும் முந்திரியும் உடைமரமும், மேலே தெளிந்த நீல வானமும் அமைந்த நாளில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்து நிற்கின்றன. முதன்முறை பார்ப்பவர் இதை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று தயக்கமின்றிச் சொல்வார். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். எதனால் சரி என்பது தெரியாதவரை அதை முடிவு என்று சொல்வதற்கில்லை.

ஒளிர்வு என்பது ஒரு பொருளின் நிறத்தை ஒதுக்கிவிட்டு, அது கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை மட்டும் குறிக்கும் அளவு. மனிதக் கண் பச்சை ஒளியையே மிகப் பிரகாசமாகவும் நீல ஒளியை மிக மங்கலாகவும் உணர்வதால், வண்ணப் படத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்குகளுள் ஒன்று சிவப்பிலிருந்து 29.9 விழுக்காடும் பச்சையிலிருந்து 58.7 விழுக்காடும் நீலத்திலிருந்து 11.4 விழுக்காடும் எடுத்துக் கூட்டுகிறது. தேரி மணலின் ஓர் இடம் சிவப்பு 180, பச்சை 90, நீலம் 50 என்றும், அதன்மேல் நிற்கும் பனையோலை 90, 120, 60 என்றும் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொண்டால், மணலின் சாம்பல் மதிப்பு ஏறத்தாழ 112 ஆகவும் ஓலையின் மதிப்பு 104 ஆகவும் வரும். கண்ணெதிரே ஒன்றையொன்று எதிர்த்து நின்ற செம்மையும் பசுமையும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, பனை மணலுக்குள் கரைந்துபோகிறது. பொத்தானை ஒருமுறை அழுத்திச் சாம்பலாக்கப்பட்ட தேரிப் படங்கள் சப்பென்று இருப்பதற்குக் காரணம் எடுத்தவரின் திறமைக்குறைவு அல்ல, இந்தக் கூட்டல்தான்.

ஆனால் கருப்பு-வெள்ளை என்பது இந்த ஒரு கூட்டலோடு முடிந்துவிடுவதில்லை. லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டரை, அதாவது சிவப்பொளியை விட்டுப் பிறவற்றைத் தடுக்கும் கண்ணாடியை, வைத்தால் மேற்சொன்ன மணல் 180 ஆகவும் ஓலை 90 ஆகவும் நிற்கும். மணல் வெளுத்து, பனை இருண்டு, நீல வானம் கருமையை நோக்கி இறங்கும். பச்சை ஃபில்டரில் மணல் 90, ஓலை 120 என்று உறவு தலைகீழாகும். நீல ஃபில்டரிலோ மணல் ஏறக்குறையக் கரியாகி, வானம் வெறும் வெண்தாளாகிவிடும்.

நீல ஃபில்டர் காட்டும் இந்த மூன்றாவது தேரி ஏற்கெனவே வரலாற்றில் இருந்த ஒன்று. 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பின் காகித நெகடிவ்கள் அக்காலத்து வழக்கப்படி நீலத்துக்கு மட்டுமே நன்கு இணங்கின. வானம் விவரமின்றி வெளுத்துப்போனதால் அவர் சில நெகடிவ்களில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியிருக்கிறார். 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், ஒளிப்படத் தட்டின் பூச்சில் சாயம் கலந்தால் அது பச்சை முதலிய ஒளிக்கும் இணங்கும் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களுக்கும் இணங்கும் தட்டுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. செம்மண் பூமி ஒன்றைக் கருப்பு-வெள்ளையில் வெளுப்பாகக் காட்டுவது அதன் பின்னரே எளிதாயிற்று.

எல்லா நிறமும் பதியும் தட்டு கிடைத்தபின் ஃபில்டரைக் கொண்டு ஒரு கலைஞர் என்ன செய்ய முடியும் என்பதற்கு, ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுத்த படத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. முதலில் மஞ்சள் ஃபில்டரோடு ஒரு தட்டை எடுத்த அவர், அதில் வானம் வெளிர்ந்து, பாறையின் முன் தமக்கு ஏற்பட்ட உணர்வு பதியாமல் போகும் என்று உணர்ந்து, எஞ்சிய கடைசித் தட்டில் அடர்சிவப்பு ஃபில்டரைப் பயன்படுத்தினார். வானம் ஏறக்குறையக் கருமையாயிற்று. எல்லா நிறங்களையும் ஒருசேரத் திருப்பியனுப்பும் பனி வெண்மையாகவே நின்றது. நிழல்களும் மேலும் இருண்டன, ஏனெனில் திறந்த வெளியின் நிழலுக்கு ஒளி தருவது நீல வானம், அந்த நீலத்தைத்தான் ஃபில்டர் தடுத்துவிட்டது. இந்தக் கடைசி விளைவை இளங்கலைஞர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தேரியில் காற்று வரைந்த மணல்வரிகள் ஒவ்வொன்றுக்கும் வெயில் படும் ஒரு முகமும், வானொளி மட்டும் படும் ஒரு முகமும் உண்டு. சிவப்பு ஃபில்டர் அவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டி வரிகளைச் செதுக்கினாற்போல் நிறுத்துகிறது. படம் எடுக்கும் முன்பே முடிந்த பிரிண்டை மனத்தில் காணுதல் என்று ஆடம்ஸ் பின்னாளில் கற்பித்ததன் உள்ளடக்கம் இத்தகைய கணக்குதானே தவிர, அதில் மாயம் ஏதும் இல்லை.

எதிர்ப்பக்கமான வண்ணத்துக்கு ஒளிப்படக் கலைஞர் எலியட் போர்ட்டர். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று உயிர்வேதியியல் கற்பித்த அவர், பறவைப் படங்களைப் பதிப்பாளரிடம் கொண்டு சென்றபோது, கருப்பு-வெள்ளையில் இனத்தை அடையாளம் காண முடியாது என்று சொல்லப்பட்டதால் 1930-களின் இறுதியில் வண்ணத்துக்கு வந்தார். அழகுணர்ச்சிக்கு முன் தகவல் தேவை அவரை வண்ணத்துக்கு அழைத்து வந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. கொலராடோ ஆற்றின் கிளென் பள்ளத்தாக்கில் அவர் எடுத்து 1963-இல் நூலாக வந்த படங்களில், வெயில் நேரே இறங்காத செங்குத்தான மணற்பாறைச் சுவர்கள் எதிர்ச்சுவரிலிருந்து தெறித்த செவ்வொளியையும் மேலிருந்து சொரியும் நீல ஒளியையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டிருக்கின்றன. அருகருகே உள்ள இரு பாறைமடிப்புகள் ஒரே அளவு பிரகாசமானவை, ஆனால் ஒன்று ஆரஞ்சு, மற்றது நீலம். இங்கே பிரிவினை முழுவதும் நிறத்தால் நிகழ்கிறது. சாம்பலாக்கினால் பாறை தட்டையாகிவிடும், எந்த ஃபில்டரும் அந்தத் தெறிப்பின் மென்மையைத் திருப்பித் தராது. அதே 1963-இல் அங்கே கட்டப்பட்ட அணையின் மதகு மூடப்பட்டு அப்பள்ளத்தாக்கு நீரில் மூழ்கத் தொடங்கியதால், அன்றைய அந்த நிறங்களுக்கு அவர் படங்கள் சாட்சியாக நிற்கின்றன. இவ்விருவரையும் இரு கட்சிகளாகப் பார்ப்பதும் தேவையற்றது. ஆடம்ஸும் ஏராளமான வண்ணப் படங்களை எடுத்தவரே, அவற்றின் தொகுப்பு அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 1993-இல் வெளிவந்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை இதில் ஒளிப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் குரலையும் கேட்க வேண்டும். இந்தியக் கண் வண்ணத்தில் காண்பது என்றும், கருப்பு-வெள்ளையின் துயரத்தொனி மேலைநாட்டு மனநிலையிலிருந்து பிறந்தது என்றும் அவர் வாதிட்டார். துணியும் சுவரும் மனிதக் கூட்டமும் நிறைந்த தெருவுக்கு அந்த வாதம் வலுவானது. மனிதர் அற்ற மணல்மேட்டுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது ஐயத்துக்குரியது. ஆயினும், உள்ளூர் நிலத்தை வெளியூர்ச் சோகத்தோடு பார்க்காதே என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொண்டால் இளங்கலைஞருக்கு நன்மையே.

தேரிக்குத் திரும்பினால், நண்பகலில் வெயில் நேர்மேலிருந்து விழுவதால் மணல்வரிகளுக்கு நிழல் இல்லை. வடிவம் மறைந்து நிறம் மட்டும் நிற்கிறது. அந்நேரத்தில் கருப்பு-வெள்ளையைத் தேடுவது வீண், ஆனால் செம்மணற் பரப்பும் நீலமும் இரண்டே பட்டைகளாக மோதும் எளிய வண்ணப் படம் அமையலாம். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் சாயும்போது வரிகள் எழுகின்றன. அப்போது கருப்பு-வெள்ளைக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கிறது. வண்ணத்துக்கோ அந்நேரம் ஒரு பொறி: செம்மணலின் மேல் செவ்வெயிலும் சேரும்போது படம் இனிப்பாகிவிடுகிறது. மெல்லிய மேகம் மூடிய நாளில் அதே மணல் செங்கல் நிறத்திலிருந்து ஊதா சாய்ந்த நிறம் வரை பல படிகளைக் காட்டுவதை, அவசரமில்லாமல் சுற்றுபவர்களே காண்கிறார்கள். தேரியின் மிக நல்ல வண்ணப் படம் அத்தகைய மங்கிய நாளில்தான் கிடைக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

டிஜிட்டல் கேமராவில் ஃபில்டரின் வேலையை எடுத்தபின் மென்பொருளில் செய்ய முடியும் என்பது உண்மை. அதற்காகவே உணரியின் தரவு முழுவதையும் வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவது நல்லது. திரையை மட்டும் கருப்பு-வெள்ளை முன்தோற்றத்துக்கு மாற்றிவைத்தால், ரா கோப்பில் வண்ணம் அழியாமல் இருக்கக் கண் சாம்பலில் பழகும். ஆனால் இந்த வசதிக்கு விலை உண்டு. வண்ண உணரிகள் பெரும்பாலானவற்றில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சைக்கும், சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுமாக ஒதுக்கப்பட்டிருப்பதால், வானத்தின் நீலத்தை மென்பொருளில் வலிந்து கருமையாக்கும்போது அங்கே புள்ளிப்புள்ளியாக இரைச்சல் எழும். பனையோலையின் கூர்மையான விளிம்பைச் சுற்றி வெளிர் வளையமும் தோன்றும். பெரிய பிரிண்டில் அந்த வளையத்தை மறைக்க வழியில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் செம்மண் சார்ந்தவை. வெள்ளைச் சமநிலையை, அதாவது எந்த ஒளியை வெண்மையாகக் கொள்வது என்ற அமைப்பை, கேமராவின் தானியங்கி முடிவுக்கு விட்டால், சட்டம் முழுதும் சிவந்திருப்பதைக் குறையென்று கருதி அது மணலைப் பழுப்பாக்கிவிட வாய்ப்புண்டு. பகலொளி அமைப்பில் நிலைநிறுத்துவது பாதுகாப்பானது. அடுத்தது ஒளியளவு பற்றியது. ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் மூன்று நிறங்களையும் கலந்து ஒரே கோடாகக் காட்டும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மாலை வெயிலில் தேரியின் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டுத் தறிபட்டிருக்கக் கூடும். ஆதலால் நிறவாரியான வரைபடத்தைத் திறந்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அது முட்டிவிட்டால் வண்ணப் படத்தில் மணல் ஒரே சிவப்புத் தகடாகும், சிவப்பு ஃபில்டர் முறையில் சாம்பலாக்கினாலோ அந்த மணல்வரிகள் இருந்த இடம் வெறும் வெள்ளையாகும்.