புரிகிறது, பேச வரவில்லை

கேள்வி: பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை, கால் விழுந்துவிட்டது. நாங்கள் சொல்வது புரிகிறது. பேசத்தான் வார்த்தை வரவில்லை. ஏன்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பாதி. பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான். இடது நெற்றிப் பகுதியின் கீழ்ப்புறம் பாதிக்கப்பட்டால், கையும் பேச்சும் சேர்ந்தே போவதுண்டு.

இதைக் கண்டறிந்தவர் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா. அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே சொல்தான் வாயில் வரும், கேட்பதோ புரியும். 1861-இல் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த புரோக்கா, இந்த இடம் சிதைந்திருப்பதைக் கண்டார். இன்றும் அது 'புரோக்கா பகுதி'தான். சொல்லைப் புரிந்துகொள்ள முக்கியமான இடம், காதையொட்டிய பக்கப் பகுதியில் இருக்கிறது. அதை 1874-இல் சொன்னவர் கார்ல் வெர்னிக்கே. பார்வைக்குப் பின்மண்டை, உடல் சமநிலைக்குச் சிறுமூளை, மூச்சுக்கு மூளைத்தண்டு. ஆனாலும் எந்தப் பகுதியும் தனித்து வேலை செய்வதில்லை.

அந்தக் கூட்டு வேலையில்தான் நம்பிக்கை இருக்கிறது. பயிற்சி தரத் தர, பிழைத்த பகுதிகள் இழந்த வேலையில் கொஞ்சம் ஏற்கும். பேச முடியாத சிலர் பழகிய பாட்டைப் பாடிவிடுவார்கள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். அவருக்குப் புரியாது என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி யாரும் பேச வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள்.